சிவப்பு நூல் கட்டிய ஒயர்

நம் வயதுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஓர் அட்டைப்பெட்டி இருக்கும், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ. உள்ளே ஒயர்கள். எது எதற்கு என்று தெரியாது. தூக்கிப்போடவும் மனம் வராது. என் பெட்டியில் முப்பத்தொரு ஒயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, எந்த இயந்திரத்தோடு வந்தது, எப்போது உபயோகமில்லாமல் போனது என்று எழுதிவைத்திருக்கிறேன். இருபத்தைந்து ஊசிகள் கொண்ட அகலமான முனை, ஒன்பது ஊசி முனை, மவுசுக்கு வந்த பச்சை வட்டம், கீபோர்டுக்கு வந்த ஊதா வட்டம், பிறகு தட்டையான யுஎஸ்பி, அதிலேயே கேமராவுக்கு ஒரு மாதிரி, செல்போனுக்கு வேறு மாதிரி, இப்போது எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் போகிற டைப்-சி. ஒவ்வொன்று வந்தபோதும், இனி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்றார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் ஒவ்வொரு முறையும் நம்பினேன். பெட்டியின் அடியில் செங்கல் கனத்துக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்தது. அடுத்து வருகிற ஒயராவது அதைத் திறந்துவிடும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் இருந்தது ஆற்றுத் தண்ணீரின் அளவு. ஆடி தொடங்கிப் புரட்டாசி முடிய, நாள் தவறாமல் நான் எண்ணியது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. அக்கா தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி லேபில் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். அது போதாது என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டு, சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா, தன் ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார். தஞ்சாவூருக்கே புதிய கம்ப்யூட்டர்கள் வந்துவிட்ட காலம் அது. எங்களுடையது அவற்றுக்கு ஒரு தலைமுறை மூத்தது. அப்பளம் அகலத்துக்கு ஒரு பிளாப்பியைத்தான் அது விழுங்கும். லேபில் இருந்தவை உள்ளங்கை அகலத்துச் சின்ன பிளாப்பியைத்தான் ஏற்கும். அக்கா அதைப் பார்த்ததுமே கேட்டாள்.

“சித்தப்பா, இதுல செஞ்சத அங்க எப்படிக் கொண்டுபோறது?”

சித்தப்பா பெட்டியிலிருந்து இரண்டு சாம்பல் நிற ஒயர்களை எடுத்தார். இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். இரண்டுக்கும் இரு முனைகளிலும் இருபத்தைந்து ஊசிகள். ஒன்றில் மட்டும் நடுவில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

“பாக்க ரெண்டும் ஒண்ணுதான். நூல் கட்டுனது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர். ரெண்டு பொட்டியையும் பக்கத்துல வெச்சு மாட்டுனா இங்கேருந்து அங்க போயிரும். இன்னொண்ணு பிரிண்டர் சம்பந்தப்பட்டது. பிரிண்டரை அடுத்த தடவ கொண்டாறேன். மாத்தி கீத்திப் போட்டுடாதீங்க.”

நானும் பக்கத்தில்தான் நின்றேன். தெளிவாகக் கேட்டேன்.

அக்காவின் ப்ராஜெக்ட் தண்ணீர் பற்றியது. மேலே தண்ணீர் திறந்தால் எத்தனை நாளில் எந்த மதகுக்கு எவ்வளவு வரும் என்று சொல்லும் ப்ரோகிராம். அதற்குத் தினசரி அளவு வேண்டும். அதைத்தான் எனக்குக் கொடுத்தாள். காலை ஆறு மணிக்கு ஆற்றுப் படித்துறைக்குப் போய், மேலிருந்து எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணி, கடைசிப் படியில் ஈரம் எத்தனை விரற்கடை என்று அளந்து, நோட்டில் எழுத வேண்டும். இன்றுவரை நான் நாட்குறிப்பு எழுதுவது அந்த நோட்டில் தொடங்கியதுதான். சாயங்காலம் நான் படிக்க, அக்கா தட்டுவாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். இயந்திரம் சூடேறினால் வெயிலில் காய்ந்த ரெக்சின் போல ஒரு வாசனை வரும். மின்சாரம் தாழ்ந்தால் பச்சை எழுத்துகள் ஒருமுறை சுருங்கி விரியும். அக்கா உடனே சேமிப்பாள்.

அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில் ஒருவர் கேட்டாராம்: “என்னங்க, ஒங்க பொட்டி தண்ணி விடுமாம்ல?”

“தண்ணி விடாது. எப்ப வரும்னு சொல்லும். நீ நாத்து விடலாமா வேணாமான்னு என் பொண்ணுகிட்ட வந்து கேட்டுட்டு விடு” என்று பதில் சொல்லிவிட்டு வந்து, அதை அப்படியே அக்காவிடம் நடித்துக் காட்டினார். அக்கா சிரித்தாள். அந்த இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் பருவத்தில்தான்.

கல்லூரிக்கு வந்த சென்னைக் கம்பெனி ஒன்று அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தது. ப்ராஜெக்ட்டில் தேறிய சான்றிதழோடு மார்கழிக்குள் சேர வேண்டும். ப்ராஜெக்ட்டுக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, புதன்கிழமை என்று தேதி வந்தது. அதற்கு முந்தைய திங்கள் ஆயுத பூஜை, செவ்வாய் விஜயதசமி. அக்கா வெள்ளிக்கிழமையே அப்பாவிடம் போனாள்.

“அப்பா, நாளைக்கு லேப் இருக்கு. பொட்டிய எடுத்துட்டுப் போயி ஏத்திட்டு வந்துடறேன்.”

“எடுத்துட்டுப் போனா அங்கேயே வெச்சுக்குவாங்கம்மா. பூஜைக்கு வேணாமா?”

“பூஜைக்கு எதுக்குப்பா இது?”

“மம்பட்டி, அருவா எல்லாம் வெக்கிறோம். இந்த வருஷம் இந்த வீட்டுக்கு ஆயுதம் இதுதான. இது இல்லாம என்ன பூஜை?”

“பூஜையில வெச்சா செவ்வாய்க்கிழமை வரைக்கும் தொட விடமாட்டீங்க. செவ்வாய் லேப் லீவு.”

“புதன் விடியக்காலம் கெளம்புவோம். ஒரு மணி நேர வேலைன்னு நீதான சொன்ன?”

சொன்னது உண்மைதான். அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் கவனமானவள். லேபில் எங்கள் மானிட்டரை வைக்க இடமிருக்காது, அங்குள்ள மானிட்டரின் முனைக்குப் பதினைந்து ஊசி, எங்கள் பெட்டியில் இருப்பதோ ஒன்பது துளை. எனவே ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி தானாகவே அனுப்பத் தயாராகும்படி ஞாயிற்றுக்கிழமையே அமைத்துவைத்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒயர்களையும் துடைத்தேன். சிவப்பு நூல் அழுக்கேறிப் பிரிந்து தொங்கியது. பூஜை நாளில் அப்படி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிளேடால் அறுத்து எடுத்தேன். நூல் கட்டியிருந்த ஒயரைப் பாயின் இடப்பக்கம் வைத்துவிட்டு, வெள்ளைக் காகிதத்தில் ‘கம்ப்யூட்டர்’, ‘பிரிண்டர்’ என்று அழகாக எழுதினேன். ஒட்டுவதற்கு டேப் வாங்கக் கடைக்குப் போய்வந்தேன். அதற்குள் அம்மா கூட்டிப் பெருக்கிப் பாயைச் சுருட்டியிருந்தாள். ஒயர்கள் ஜன்னல் விளிம்பில் இருந்தன. இடப்பக்கம் இருந்ததை எடுத்து ‘கம்ப்யூட்டர்’ என்று ஒட்டினேன். ஒட்டும்போது விரல் ஒரு நொடி தயங்கியது. இடப்பக்கம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

என் நோட்டும் அன்றோடு போனது. சுண்டல் பொட்டலம் மடிக்க அம்மா அதன் தாள்களைக் கிழித்தாள். நான் அழுதேன். “அதான் எல்லாம் பொட்டிக்குள்ள ஏறிடுச்சுல்ல, இனிமே நோட்டு எதுக்குடி?” என்று அக்காவே சொன்னாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரை மனைப்பலகையில் வைத்து, மண்வெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அக்கா உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். அப்பா முகப்பில் மூன்று பொட்டு வைத்துக் குங்குமம் இட்டார். பிறகு பெட்டியைத் திருப்பினார்.

“வேலையெல்லாம் போற வாசல் பின்னாடில்ல இருக்கு. அதை விட்டுட்டா எப்படி?”

பின்புறம் இருந்த இருபத்தைந்து துளைகளின் மேல், நிலைப்படிக்கு அப்புவது போலக் கட்டைவிரலால் சந்தனத்தை அப்பினார். மேலே குங்குமம் வைத்தார். அவர் கண்களில் நீர் இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்த வருஷம்.

புதன்கிழமை உர மூட்டை ஏற்றும் வேன் ஒன்றில், வைக்கோல் பரப்பி, பெட்டியை அப்பா மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அக்கா என்னிடம் கேட்டாள்.

“ஒயரு எடுத்துக்கிட்டியா? சரியானதா?”

“லேபிள் ஒட்டியிருக்கேன்க்கா.”

“அடேயப்பா, ஆபீசரு!” என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

ஒன்பது மணிக்கு லேப் திறந்தது. பத்துக்கு எக்ஸாமினர் வருவார். லேபைப் பார்த்துக்கொள்பவர் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“என்னம்மா இது, போர்ட் பூராச் சந்தனம்?”

அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாந்தாம்மா. பொட்டுதான வெச்சேன்...”

தாவணியில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அக்கா துளை துளையாகச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. நான் மனதுக்குள் துளைகளை எண்ணினேன். இருபத்தைந்தும் முடிய இருபது நிமிடம் ஆனது. லேப்காரர் ஒயரை வைத்து அழுத்தினார். சற்று முரண்டு பிடித்து உள்ளே போனது. இரண்டு இயந்திரங்களுக்கும் ஸ்விட்சைப் போட்டார்கள். லேபின் திரையில், எதிர்ப்பக்கத்துக்காகக் காத்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரே வரி. வரியின் முனையில் ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். கழற்றினார்கள், ஊதினார்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள், மாட்டினார்கள். அதே வரி. பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கையே எடுத்து மாட்டலாமா என்று பார்த்தார்கள். அதன் பட்டை ஒயரும் இங்கே பொருந்தவில்லை.

“ஈரச் சந்தனம் உள்ள எறங்கிருச்சும்மா. போர்ட் போயிருச்சு” என்றார் லேப்காரர்.

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. கண்முன்னே தெரிகிற காரணம். ஒயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில்தான் சீட்டு ஒட்டியிருந்ததே.

எக்ஸாமினர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “ஓடாத ப்ரோகிராமுக்கு நான் என்னம்மா மார்க் போடறது?” என்று இரண்டு முறை கேட்டார். திரும்பும் வழியில் வேனில் அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அப்பாவும் பின்னால் வைக்கோலில். கண்டியூர் தாண்டும்போது அப்பா சொன்னார்: “நீ சொல்லிருக்கலாம்ல பாப்பா, பின்னாடி வெக்காதீங்கப்பான்னு.”

சென்னைக் கம்பெனி காத்திருக்கவில்லை. அக்கா அந்தக் கம்ப்யூட்டரை மறுபடி தொடவேயில்லை. அது பழுதாகிப் பழைய சாமானோடு போனபோது ஹார்ட் டிஸ்க்கையும் ஒயர்களையும் மட்டும் நான் எடுத்துவைத்துக்கொண்டேன். அடுத்த முறை நூலகப் புத்தகப் பதிவு என்று யாரோ செய்துவைத்திருந்த ப்ராஜெக்ட் ஒன்றைக் காட்டித் தேறினாள். கல்யாணமாகி நாக்பூர் போனாள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவிடம் அவள் சண்டை போட்டதே இல்லை. போட்டிருந்தால் தேவலை. “சாப்ட்டீங்களா?” “சாப்ட்டேன்.” “மாத்திரை?” “போட்டேன்.” முப்பது வருஷம் இவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு ஆயுத பூஜையில் அப்பா எந்தப் பொருளின் மேலும் சந்தனம் வைக்கவில்லை. ஒரு காகிதத்தில் பொட்டு வைத்து அதைப் பொருளுக்கு முன்னால் வைப்பார். மண்வெட்டிக்கும் அப்படித்தான். நான் வேலைக்குப் போய் முதல் லேப்டாப் வாங்கிவந்தபோது, அதன் பக்கவாட்டில் இருந்த யுஎஸ்பி துளையைக் குனிந்து பார்த்தார்.

“இவ்வளவு சின்னதா இருக்கே. இதுல தூசி போனாக்கூடக் கெட்டுருமோ?”

“கெடாதுப்பா.”

“எதுக்கும் துணி போட்டு மூடி வை.”

புது முனை ஒவ்வொன்று வரும்போதும் நான் இடைமாற்றி ஒன்று வாங்குவேன். பழையதைப் புதியதோடு சேர்க்கும் சின்னப் பெட்டி. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்ப்பேன். பொருந்தாது. அக்காவின் ப்ரோகிராமை ஓட்டிக் காட்டிவிட்டால், அது கெட்டுப் போகவில்லை, இத்தனை நாள் உள்ளேயேதான் இருந்தது என்று தெரிந்தால், அவள் அப்பாவிடம் இன்னும் இரண்டு வாக்கியம் பேசுவாள் என்பது என் எண்ணம்.

போன வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது கேட்டார்.

“பாப்பா, நீ எல்லாத்தையும் எழுதி வெச்சிருப்பியே. அன்னிக்கு நான் சந்தனம் வெக்காம இருந்தா அது போயிருக்கும்ல?”

“போயிருக்கும்ப்பா” என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழைய இயந்திரம், எதனால் என்று யார் கண்டது என்று சொல்லியிருக்கலாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் பழக்கம் எனக்கு. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கஞ்சி போதும் என்று கிண்ணத்தைத் தள்ளினார். பதினேழாம் நாள் போய்விட்டார். அக்கா முன்பே இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். பிறகு காரியத்துக்கு வந்தாள். காரியம் முடிந்து கிளம்பும்போது பரணைக் காட்டி, “அந்தப் பொட்டியெல்லாம் இன்னும் எதுக்குடி? தூக்கிப் போடு” என்றாள்.

வருஷ திதி முடிந்த மறுவாரம் ஹார்ட் டிஸ்க்கையும் அந்த இரண்டு ஒயர்களையும் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ரிப்பேர் கடை ஒன்றுக்குப் போனேன். அழிந்த டிஸ்க்கிலிருந்தும் போட்டோ எடுத்துக் கொடுப்பவர் என்று கேள்வி. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். டிஸ்க்கைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஏந்தினார்.

“எங்க மேடம் பிடிச்சீங்க இத? நான் தொழில் கத்துக்கிட்ட காலத்துலயே இது பழசு.”

உள்ளே போய் ஏதோ ஒரு பழைய கார்டைத் தேடி எடுத்துவந்து மாட்டினார். மின்சாரம் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டார். எனக்கும் கேட்கச் சொன்னார். ஒன்றுமில்லை.

“சுத்தல மேடம். உள்ள ஒட்டிப் போச்சு. மன்னிச்சுக்குங்க.”

பரவாயில்லை என்றேன். அவர் மேசையில் கிடந்த ஒயர்களை ஆசையோடு எடுத்தார். இந்தக் காலத்தில் யார் கொண்டுவருகிறார்கள் இதையெல்லாம் என்று, மல்ட்டிமீட்டரின் இரண்டு கம்பிகளால் ஊசிக்கு ஊசி தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். இணைப்பு இருந்தால் அது கூவும். முதலில் எடுத்த ஒயரின் ஒரு முனையில், ஊசிகளுக்கு நடுவே, பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரத்தில் குங்குமச் சிவப்பு.

“கம்ப்யூட்டர்னு லேபிள் ஒட்டியிருக்கு. இது அது இல்லியே. இது பிரிண்டர் ஒயரு.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ரெண்டுக்கு ரெண்டு கூவுது, மூணுக்கு மூணு கூவுது. நேர் ஒயரு. ரெண்டு கம்ப்யூட்டர் பேசணும்னா மாத்தி மாத்திப் போட்டிருக்கணும் மேடம். இவன் வாய் அவன் காதுக்குப் போகணும்ல? இதுல வாயும் வாயும், காதும் காதும்.” சிரித்தார்.

“முனையில சந்தனம் இருக்குதே. அதனாலதான் அன்னிக்குப் போகலன்னு...”

“சந்தனமா? ஊசி தொட்டாப் போதும். சுரண்டிட்டா முடிஞ்சது. இந்த ஒயருல சாமியே வந்து ஒக்காந்தாலும் போயிருக்காது.”

அடுத்ததை எடுத்தார். ‘பிரிண்டர்’ என்று ஒட்டியது. இரண்டாம் ஊசியில் ஒரு கம்பியை வைத்து, மறுமுனையில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பதினைந்தில் கூவியது.

“இதான் ஒங்க ஒயரு. புத்தம் புதுசா இருக்கு, ஒரு தடவகூடச் சொருகல போல.” பிறகு சீட்டைப் பார்த்தார். “யாரு எழுதுனது? மாத்தி ஒட்டியிருந்தாலும் கையெழுத்து நல்லாருக்கு.”

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன்: நூல், பிளேடு, பாய், ஜன்னல், சீட்டு, கடைக்காரர்.

“அப்ப சந்தனத்தால இல்லியா?” என்றாள் கடைசியில்.

“இல்லக்கா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“இன்னிக்குத்தான்க்கா எனக்கே தெரியும்.”

அவள் பக்கம் குக்கர் விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

“கடைசியா வந்தப்ப, பெரியவளே, கொஞ்சம் கிட்ட வந்து ஒக்காரேன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டேன். நேரம் இருந்துச்சுடி.” பிறகு, “சரி, வெக்கிறேன்” என்றாள்.

அது ஆவணி பன்னிரண்டு. அதன் பிறகு அவள் அழைக்கவில்லை. நான் இரண்டு முறை அழைத்தேன். மணி முழுவதும் அடித்து நின்றது.

இந்த ஆயுத பூஜைக்கு வீட்டில் நான் மட்டும்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். இரண்டு ஒயர்களின் சீட்டையும் கிழித்தேன். பதினைந்தில் கூவிய ஒயரை மடியில் வைத்து, கடையில் வாங்கிய சிவப்பு நூலை அதன் நடுவில் சுற்றினேன். அதைச் செருகுவதற்கான துளை இப்போது எந்த வீட்டு இயந்திரத்திலும் இல்லை. ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.